ஒத்தையாள் எவ்வளவு தூரத்தில்

நவம்பர் 3, திங்கள்

மழை. விடியும்போதே பிடித்துவிட்டது. தெருவில் தண்ணீர், வாசல்படி வரை. பால் பாக்கெட் வரவில்லை. பால் இல்லாத கருப்பட்டிக் காப்பி. வாயில் வைக்கச் சகிக்கவில்லை.

இந்த வாரம்:
படம் 4.3 மறுபடி வரைய வேண்டும். எழுத்து பொடிசாம். கைடு புலம்பல்.
அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.
பொய் விண்மீன் சோதனை. (செய்யணுமா?)
வெள்ளி மதியம் திறப்பு.

கடைசி வரிக்கு இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். தீசிஸின் நாலாம் அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு குட்டி கேலக்ஸியை நம்பி நிற்கிறது. பட்டியலில் அதற்கு வெறும் எண்கள்தான். நான் வைத்த பெயர் ஒத்தையாள். சுருக்கமாக ஒ. சுற்றுவட்டாரத்தில் பெரிய கேலக்ஸி எதுவும் கிடையாது. இருந்தும் ஒ.வுக்குள் வாயு இல்லை, புது விண்மீன் பிறப்பதும் இல்லை. தனியாகக் கிடந்து, தானாகவே வற்றிப்போன ஒன்று. அப்படி ஒன்று கிடைப்பதே அபூர்வம். அதனால்தான் எனக்கு ஒரு தீசிஸ், அதனால்தான் ஜெர்மனியில் ஒரு வேலை. ஜனவரிக்குள் தீசிஸைக் கொடுத்தால் ஏப்ரலில் சேரலாம்.

எல்லாம் ஒ. இருக்கும் தூரம் சரியாக இருந்தால். நான் போட்ட கணக்கு தரையிலிருந்து எடுத்த படத்தை வைத்து. இப்போது விண்வெளித் தொலைநோக்கியின் படம் வந்திருக்கிறது. எங்கள் நாலு பேர் குழுவில், ஹாலந்தில் லீசாவும் இங்கே நானும் சேர்ந்து அதை அளக்கிறோம். விடை வெள்ளிக்கிழமை.

அம்மா மத்தியானம் சாப்பிடவில்லை. “பசிக்கலளா.” அவ்வளவுதான். மார்ச்சில் அப்பா தவறிப்போனதிலிருந்து ஒரு நாளைக்கு அம்மா பேசுவது இவ்வளவுதான். இருவர் இருக்கும் வீட்டில் மிக்ஸிதான் அதிகம் பேசுகிறது.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. கரண்ட் இல்லை. லேப்டாப் பத்து மணிக்கே செத்துவிட்டது. பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு சண்முகம் அண்ணாச்சி ஆபீசுக்குப் போனேன். அப்பாவின் கூட்டாளி. துறைமுகச் சாலையில், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட். அவரிடம் இன்வெர்ட்டரும் உண்டு, இன்டர்நெட்டும் உண்டு, வாயும் உண்டு.

சாலையெல்லாம் நிலக்கரிச் சேறு. லாரி ஒன்று சுடிதார் முழுக்க அடித்துவிட்டுப் போனது. போகிற வழியில்தான் அப்பா கடை. படகுக்காரர்களுக்குக் கயிறும் பெயிண்டும் விற்ற இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏளா செல்வி, மழையில நட்சத்திரம்லாம் நனைஞ்சு கெடக்கும், அதுக்குள்ள அளந்து முடிச்சிட்டியா?”

“பொறுங்க அண்ணாச்சி, காயட்டும்.”

“எம் பையனுக்கு எப்பம் கல்யாணம் ஆவும்னு மட்டும் பாத்துச் சொல்லிரு. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

ஊரில் பாதிப்பேருக்கு நான் ஜோசியம் படிக்கிறேன் என்றுதான் நினைப்பு. மறுத்து மறுத்து அலுத்துவிட்டது. “மாசி பொறக்கட்டும்” என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

மூலை மேசையில் கைடோடு வீடியோ கால். வெள்ளிக்கிழமைத் திறப்புக்கு முன் முறைகளையெல்லாம் வியாழன் மாலைக்குள் பூட்டிவிட வேண்டும் என்றார். பூட்டுவது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். வேண்டிய விடை இன்னது என்று தெரிந்தால் கை தானாக அந்தப் பக்கம் சாயும். யோக்கியனுக்கும் சாயும். அதனால் லீசா எல்லா ஒளி அளவுகளிலும் ஒரு ரகசிய எண்ணைக் கூட்டி வைத்திருக்கிறாள். அது அவளுக்கும் தெரியாது, கம்ப்யூட்டர் போட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு வேலையை முடிக்க வேண்டும். முறை இதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு எண்ணைக் கழித்து விடையைத் திறப்போம். திறந்த பிறகு ஒரு கமாகூட மாற்றக்கூடாது.

கால் முடிந்ததும் அண்ணாச்சி கேட்டார். சொன்னேன். “எங்க கண்டெய்னர் சீல் மாதிரில்லா” என்றார். “உள்ள என்ன இருக்குன்னு எல்லாரும் நிக்கும்போதுதான் ஒடைக்கணும்.” ஆமாம், அதேதான்.

மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். பாதி வழியிலிருந்து திரும்பிப் போனேன். கடை மூடல்.

நவம்பர் 5, புதன்

காலையில் வெயில் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. துணி காயவில்லை. வீடு முழுக்க ஈரவாடை. மாத்திரை வாங்கியாச்சு.

தீசிஸின் முதல் பக்கம் வாயில் நுழையவில்லை என்கிறார் கைடு. “உங்க அம்மாவுக்குப் புரியற மாதிரி எழுது.” எங்கள் அம்மாவை அவருக்குத் தெரியாது. இருந்தாலும் இங்கே ஒரு முயற்சி:

முதலில் கரும்பொருள். கண்ணுக்குத் தெரியாது, எடை மட்டும் உண்டு. அது அங்கங்கே குவிகிறது. குவிந்த இடத்தில் வாயு வந்து விழுந்து, குளிர்ந்து, விண்மீன்கள் பிறக்கின்றன. குவியல் சின்னதென்றால் கேலக்ஸியும் சின்னது. சின்னதுக்கு எதையும் இழுத்துப் பிடிக்கும் பலம் போதாது. தன்னிடம் பிறந்த பெரிய விண்மீன் நாலு வெடித்தாலே வாயு வெளியே சிதறிவிடும். சில நேரம் போன வாயு திரும்பி வரும், மறுபடி பிறக்கும், மறுபடி வெடிக்கும். இப்படிப் போவதும் வருவதுமாக இருந்தால் நடுவில் இறுகிக் கிடந்த கரும்பொருளும் தளர்ந்து, கேலக்ஸியே உப்பிவிடும். மிக மிகச் சின்னவை, பிரபஞ்சத்தில் முதல் விண்மீன்களின் வெளிச்சம் பரவிய காலத்திலேயே சூடேறி, புதிதாக வாயு சேர்க்க முடியாமல் நின்றுபோனவை.

பெரிய கேலக்ஸியின் பக்கத்தில் போனால் வேறு கதை. பெரியதைச் சுற்றிச் சூடான வாயு நிற்கிறது. அதற்குள் பாய்ந்து போகும்போது குட்டியின் வாயு உரிந்துவிடும். பெரியதன் இழுப்பில் உருவமும் மாறும். அதனால் பெரியதன் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் வழவழவென்று, வாயு இல்லாமல், கிழட்டு விண்மீன்களோடு. தள்ளித் தனியாக இருப்பவை கோணல்மாணலாக, வாயுவோடு, இன்னும் விண்மீன் பெற்றுக்கொண்டு.

தனியாக இருந்தும் வழவழவென்று இருப்பது ஒ. யாரும் உரிக்காமல் தானே காலியானது. வளர்ப்பு அல்ல, பிறப்பே காரணம் என்று சொல்ல எனக்கு இருக்கும் ஒரே சாட்சி.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள், அதுவே ஆச்சரியம்.

“வெளங்குதாம்மா?”

“வெளங்குது. இதுக்கு ஜெர்மனி வரைக்கும் போவணுமா?”

“போவணும்.”

“இங்கன காலேஜ்ல பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுத்தா ஆவாதா?”

“ஆவாது.” வெட்டின மாதிரி வந்துவிட்டது. அம்மா பீன்ஸை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். போகவில்லை. எனக்கு என் மேலேயே எரிச்சல், அதை அம்மா மேல் காட்டுகிறேன்.

சாயங்காலம் ஸ்ரீவைகுண்டம் அத்தை போன். அப்பாவின் தங்கை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அம்மா சும்மா உட்கார்ந்திருந்தாள். “பொட்டப்பிள்ளய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு நீங்க யாரு கூட மதினி இருப்பீய? இங்க வந்திருங்கன்னா அதுக்கும் மாட்டேங்கீய.” அம்மா “ம்” என்றாள். இன்னொரு “ம்”. வைத்துவிட்டாள்.

பெரியது, குட்டி, உரிந்துபோவது. இதையெல்லாம் இந்த வீட்டோடு சேர்த்து யோசிக்கக்கூடாது. கேலக்ஸி கேலக்ஸிதான். அம்மா அம்மாதான். எவனாவது அப்படிக் கட்டுரை எழுதினால் நானே போய்ச் சண்டை போடுவேன்.

நவம்பர் 6, வியாழன்

மறுபடி மழை. அண்ணாச்சி ஆபீஸ். சாக்கு விரித்த வாசல், ஈரச்செருப்புக் குவியல்.

பொய் விண்மீன் சோதனையைச் செய்துவிட்டேன். செய்யாமல் இருக்க எல்லா முயற்சியும் எடுத்தேன். படம் 4.3 வரைந்தேன். மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்தேன். ஒரு வேலையும் மிச்சமில்லாதபோது செய்தேன்.

தூரம் அளக்கிற விதம் இப்படி. வயதான சிவப்பு விண்மீன்கள் ஒரு உச்ச வெளிச்சம் வரை ஏறும், அதற்கு மேல் ஏறாது. எங்கே இருந்தாலும் அந்த உச்சம் ஒன்றுதான். நமக்கு அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அவ்வளவு தூரம். சிக்கல், ஒ.வின் நடுவில் ஒரே நெரிசல். இரண்டு விண்மீன் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்தால் படத்தில் அது ஒன்றுதான், வெளிச்சம் இரண்டு மடங்கு. உச்சத்தையே கூட்டி எடைபோட்டுவிடுவோம். வெளிச்சம் கூடினால் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும்.

அதனால் படத்துக்குள் நாமே பொய் விண்மீன்களை வைப்பது. அவற்றின் வெளிச்சம் நமக்குத் தெரியும். நம் நிரல் அவற்றை எவ்வளவு என்று அளக்கிறது என்று பார்ப்பது.

ஓரத்தில் வைத்தவை சரியாக வந்தன. நடுவில் வைத்தவை வைத்ததைவிட வெளிச்சமாக வந்தன. திரும்பத் திரும்ப வைத்தேன். அப்படியேதான். விண்வெளிப் படத்திலேயே இந்தக் கதி என்றால், என் பழைய தரைப்படத்தில் நான் உச்சம் என்று எடுத்துக்கொண்டது எத்தனை ஜோடிகள்? கண்ணைக் கட்டியிருந்தாலும் இது தெரிகிறது. திருத்தினால் ஒ. தள்ளித்தான் போகும். எவ்வளவு என்று தெரியாது, ஆனால் தள்ளி. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அண்ணாச்சி மின்விசிறியைக் குறைத்தார், குளிர் என்று நினைத்து.

தள்ளிப் போனால் என்ன? அதே திசையில், பின்னால், ஒரு பெரிய கேலக்ஸி இருக்கிறது. எல்லாப் படத்திலும் இருக்கிறது. “தொடர்பில்லாத பின்புலம்” என்று அத்தியாயத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

கைடுக்குப் போன். படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அப்புறம்: “இந்தச் சோதனை நாம ஒத்துக்கிட்ட முறையில இல்லையேம்மா. நடுப்பகுதியை அப்படியே விட்டுட்டுப் போகலாம். தப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உனக்கு ஜனவரி இருக்கு.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம், திட்டக்கூட முடியவில்லை.

ஒரு டீ குடித்தேன். ஜெர்மனியை நினைத்தேன். இந்த ஈரவாடை இல்லாத ஒரு அறை, ஜன்னல், கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ரொம்ப வேண்டும். நாளைக்கு எண் எங்கள் பக்கம் வந்தாலும், இந்தச் சோதனையை மறைத்துவிட்டு அந்த அறையில் எப்படித் தூங்குவது என்றும் தோன்றியது.

லீசாவுக்குப் படத்தோடு அனுப்பிவிட்டேன். சேர்க்க வேண்டும் என்று. அரை மணியில் பதில். அவளும் செய்து பார்த்தாளாம், சரிதானாம், சேர்த்தாயிற்று. கைடு உட்பட குழுவில் நாலு பேரும் ஒப்புதல். மாலை பூட்டியாயிற்று.

“என்னளா மொகமெல்லாம் ஒரு மாதிரி?” அண்ணாச்சி.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சீல் போட்டாச்சு.”

நவம்பர் 7, வெள்ளி

மழை இல்லை, மேகம் மட்டும். புழுக்கம்.

மத்தியானம் அண்ணாச்சி ஆபீசில். அவர் சாப்பிடப் போகாமல் அங்கேயே இருந்தார். கேட்டதற்கு “பசிக்கல” என்றார். பொய். திரையில் நாலு முகங்கள். லீசா எண்ணைக் கழித்தாள். படத்தில் ஒரு கோடு நகர்ந்து போய் நின்றது. அவ்வளவுதான் திறப்பு. மேளமா அடிப்பார்கள்?

நான் கணக்குப் போட்ட ஒன்றேகால் கோடி ஒளியாண்டு இல்லை. ஒன்றே முக்கால் கோடி. அந்தப் பெரிய கேலக்ஸி இருக்கும் இடமும் அதேதான்.

கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லீசா ரொம்ப மெதுவாக “ஸாரி” என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழத் தோன்றியது. திரையை எப்படிக் கட்டிக்கொள்வது? நன்றி சொன்னேன். எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி. கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி.

ஒத்தையாள் ஒத்தையாளே இல்லை. பெரியதன் மடியில் கிடந்திருக்கிறது. வாயு தானாக வற்றவில்லை, உரிந்துவிட்டது. தூரம் கூடினால் அதன் அளவும் கூடும். அது உப்பிப்போயிருப்பதும் தன் வெடிப்பால் வந்தது என்று சொல்வதற்கில்லை, பெரியதன் இழுப்பில் வந்ததாக இருக்கலாம். பாடப்புத்தகத்தில் உள்ளபடி ஒரு சாதாரண குட்டி கேலக்ஸி. என் அத்தியாயம் போச்சு.

அண்ணாச்சி கேட்டார், “ஒடைச்சிட்டீயளா? சரக்கு சரியா இருந்துச்சா?”

“இல்ல அண்ணாச்சி. வேற சரக்கு.”

அவர் ஜோக் அடிக்கவில்லை. பைக்கில் வீடு வரை கொண்டு விட்டார். வழியெல்லாம் “சரி விடு, சரி விடு.”

அம்மா கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்ததும் கண்டுகொண்டாள்.

“தப்பாப் போச்சும்மா. நான் சொன்னது தப்பு. ஜனவரிக்குள்ள ஒண்ணும் முடியாது.”

“அப்போ ஜெர்மனி?”

“அது எப்படி?”

“அப்போ நீ போகலையா?”

அம்மாவின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை. அடக்கத்தான் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டாள். கண்ணை மறைக்க மறந்துவிட்டாள்.

நவம்பர் 8, சனி

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

அம்மா காலையிலேயே மார்க்கெட் போய் வந்திருக்கிறாள். தனியாக. அப்பா போனபின் முதல் தடவை. சீலா மீன். குழம்பும் வறுவலும். “மழைக்கு ரெண்டு நாளா கடலுக்கு வள்ளம் போகலையாம், வெலைய ஏத்திட்டானுவ. நானும் விடலியே!” மீன்காரியோடு போட்ட சண்டையை முழுக்க நடித்துக் காட்டினாள். மீன்காரி குரலில் ஒரு தடவை, தன் குரலில் ஒரு தடவை. நான் சிரித்துவிட்டேன். இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். துக்கத்தில் பசிக்காது என்பதெல்லாம் சும்மா.

அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. அம்மா மேல் இல்லை. சரி, அம்மா மேலும்தான். நாலு வருஷம் போய்விட்டது எனக்கு, இங்கே மீன் வறுபடுகிறது. ஆனால் அந்தச் சத்தம். அடுப்படியிலிருந்து பாத்திரச் சத்தமும் அம்மா தனக்குத்தானே பேசுகிற சத்தமும். இந்த வீட்டுக்கு அப்படி ஒரு சத்தம் இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். காலேஜில் யாரையோ தெரியுமாம். “பிசிக்ஸுக்கு ஆள் தேடுதாவளாம், சொல்லி வைக்கட்டா?” நான் வாயைத் திறக்கும் முன் அம்மா: “சொல்லுங்க, சொல்லுங்க. பிள்ளைக்கு இங்கன என்ன கொறச்சல்?” அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மேகமூட்டம். காலையில் கரண்ட் வந்தது. சாம்பிராணி போட்டும் வாடை போகவில்லை.

மெயில் மூன்று. ஒன்று கைடு: மனசு விடாதே, அத்தியாயத்தைத் திருப்பிப் போட்டு எழுதலாம், நெரிசலில் தூரம் எப்படித் தப்பாகிறது என்பதே ஒரு அத்தியாயம். ஒன்று லீசா: இதே முறையில் தூரம் அளந்த வேறு குட்டிகளும் உண்டு, அவற்றையும் இந்தச் சோதனையில் போட்டுப் பார்ப்போமா? உண்மையிலேயே தனியாக இருக்கும் ஒன்று அதில் இருக்கலாம்.

மூன்றாவது ஜெர்மனி. திறந்ததும் பதறிப்போய் மூடிவிட்டேன். முகம் கழுவிவிட்டு வந்து வாசித்தேன். லீசா நடந்ததைச் சொன்னாளாம். தன் முடிவைத் தானே உடைக்கிற சோதனையைத் தானே சேர்க்கச் சொன்ன ஆள்தான் அவர்களுக்கு வேண்டுமாம். ஏப்ரல் வேண்டாம், அடுத்த அக்டோபரில் வந்தால் போதும். இடத்தை வைத்திருக்கிறோம். வருகிறாயா இல்லையா என்று மட்டும் புதனுக்குள் சொல்.

மூன்று தடவை வாசித்தேன். உடம்பெல்லாம் சூடு. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இந்த வீட்டில் இருப்பது ஒரே ஆள்.

அந்த ஆள் முன்னறையில் அத்தையோடு போனில். ஸ்பீக்கர் இல்லை, தேவையும் இல்லை, தெருக்கோடி வரை கேட்கும். “போகலளா! நம்ம செல்வி போகல. ஏதோ நட்சத்திரக் கணக்கு தப்பாப் போச்சாம், நல்லதாப் போச்சு. இங்கனயே காலேஜுக்குப் போவா, ராத்திரி வீட்டுக்கு வந்துருவா. எனக்கு வேற என்ன வேணும், சொல்லு. ஆமா. ஆமா. நேத்து ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்புட்டா. அண்ணன் இருந்திருந்தா…” அப்பாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசினாள். எட்டு மாதமாக அப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள்.

போனை வைத்துவிட்டு இங்கே வந்தாள். கையில் தட்டு, கேசரி. நெய் மணம். என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். இங்கிலீஷ் என்பதால் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

“யாரு, ஒங்க கைடு சாரா?”

“ஆமாம்மா.”

“திட்டுதாரா?”

“இல்லம்மா.”

கேசரியை ஸ்பூனால் வெட்டி என் வாயருகே நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். மறுபடி அந்த மெயிலை எட்டிப் பார்த்தாள்.

“ஏளா, அந்த ஜெர்மன்காரன் இனிமே கூப்பிட மாட்டான்லா?”

“மாட்டாம்மா” என்றேன்.